கேடயத்தின் கடைசித் துண்டு

ஒரு கப்பலை அடித்து வீழ்த்த நூற்று நாற்பது சுற்று ஆகிறதென்றால் அதற்குப் பெயர் விண்வெளிப் போர் இல்லை, மெகா சீரியல். வடக்கே ஒரு குளிர்நாட்டின் ஷோவ்டே நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், காலணியை வாசலில் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்து கணினி விளையாட்டு உருவாக்குகிற ஏழு பேர், முழுப் போர்களை ஓட்டத் தொடங்கிய நான்கு மாதமாக அந்தச் சீரியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டு ஒன்றும் சிக்கலானதில்லை. நீங்கள் ஒரு படைத்தலைவர். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் கப்பல்களை அனுப்பி எதிரியின் கப்பல்களோடு மோதவிட வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ளே உடம்பு, வெளியே கேடயம். பீரங்கிக் குண்டு முதலில் கேடயத்தைத் தின்ன வேண்டும். கேடயம் தீர்ந்தால்தான் உடம்பில் படும். சின்ன ஏவுகணை மட்டும் கேடயத்துக்குள் நுழைந்து போய்விடும், ஆனால் அது வெறும் கொசுக்கடி. கேடயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. இரண்டு சுற்று யாரும் சுடாமல் விட்டால் தானாக ஊறி மறுபடி நிறைந்துவிடும்.

அந்தக் கடைசிக் குணம் ஹில்லேவியின் யோசனை. கேடயம் முழுக்க அவள் பொறுப்புதான். நான்கு வருடத்துக்கு முன் வேறொரு கம்பெனியில் ராப்பகலாக உழைத்து, ஒரு காலையில் காலணியின் நாடாவைக் கட்ட முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டவள் அவள். ஐந்து மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார் மருத்துவர். இருந்தாள், தேறினாள். அடிபட்டவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றால் தேறிவிடலாம் என்பது அவள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இல்லை. அதைத்தான் கேடயமாக எழுதி வைத்தாள். ஆகவே கேடயத்தை யாராவது குறை சொன்னால் அவளுக்கு எங்கோ வலிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

போர் முடியாமல் இழுத்தபோது பழி முதலில் சிக்ஸ்தென் மேல்தான் விழுந்தது. கப்பலின் உடம்பு அவன் வேலை. திரையில் கேடயத்தைக் காட்டும் நீலக்கோடு பத்துப் பன்னிரண்டு குண்டிலேயே காணாமல் போகிறது. அதற்குப் பிறகும் கப்பல் நூறு சுற்றுக்கு மேல் நின்று அடி வாங்குகிறது. அப்படியானால் உடம்புதானே தடிமன்? மூன்று முறை இளைக்க வைத்தார்கள். நூற்றுத் தொண்ணூறு சுற்று நூற்று நாற்பது ஆனது, அவ்வளவுதான்.

"இதுக்கு மேல இளைக்க வெச்சா அது கப்பல் இல்ல, காஞ்ச ரொட்டி," என்றான் சிக்ஸ்தென். "வெண்ணெய் தடவி ஒருத்தன் தின்னுட்டுப் போயிடுவான்."

அடுத்து பீரங்கிக்காரி மைக்கென் பக்கம் திரும்பினார்கள். அவள் குண்டின் பலத்தை இரண்டு மடங்காக்கினாள், நான்கு மடங்காக்கினாள். அசைவே இல்லை. ஒரு கிரகத்தையே பொடியாக்கும் பீரங்கி, தோல் உரிந்த ஒரு சரக்குக் கப்பலிடம் தோற்றுப்போய் நின்றது.

கடைசியில் வியாழக்கிழமை காலை தோர்கெல் கூட்டம் போட்டான். தோர்கெல் முதலாளி, ஆனால் அதைச் சொல்லக் கூச்சப்படுகிற முதலாளி. எல்லோருக்கும் அவன் 'நீ'தான், அவனுக்கும் எல்லோரும் 'நீ'தான். கட்டளை என்று ஒன்றைப் பதினொரு வருடத்தில் அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"கேடயமே இல்லாம ஓட்டிப் பாத்தேன்," என்றான், மேசையைப் பார்த்துக்கொண்டு. "இருபதே சுத்துல முடிஞ்சிடுது. நாளைக்கு நாலு மணிக்கு சோதனைக்காரங்க நாலாயிரம் பேருக்கும் விளையாட்டு போயாகணும். அதனால, வந்து... கேடயத்தை எடுத்துடலாமான்னு ஒரு எண்ணம். நான் முடிவு பண்ணல. எல்லாரும் என்ன நினைக்கிறீங்கன்னுதான் கேக்கறேன்."

"நீ என்ன நினைக்கிற?" என்றாள் மைக்கென்.

"எல்லாரும் நினைக்கிறதத்தான் நானும் நினைக்கிறேன்."

எல்லோரும் காலுறையைப் பார்த்தார்கள். ஹில்லேவி மட்டும் நிமிர்ந்தாள். "ஊறுற வேகத்த இன்னும் கொறச்சுப் பாக்கறேன்," என்றாள்.

"ஏற்கெனவே நாலு தடவ கொறச்சிட்டியே," என்றான் தோர்கெல் மெதுவாக. அவன் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது; அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரி, நாளைக்கு மூணு மணி காபிக்கு எல்லாரும் உக்காந்து ஒரு சண்டை போட்டுப் பாக்கலாம். நாப்பது சுத்துக்குள்ள முடிஞ்சா கேடயம் இருக்கட்டும். முடியலன்னா..."

முடியலன்னா என்ன என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லாமலே ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

அவன் முதுகுக்குப் பின்னால் வெள்ளைப் பலகையில், இரண்டு வருடத்துக்கு முன் மூன்று மணி நேரம் பேசி ஏழு பேரும் ஒருமனதாக எடுத்த ஒரு முடிவு அழிக்கப்படாமல் இருந்தது: 'எந்தக் குண்டும் மிச்சமிருக்கும் கேடயத்தில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது.' மைக்கெனின் பீரங்கி ஒரே அடியில் ஒரு கேடயத்தை முழுசாக விழுங்கியதைப் பார்த்து எல்லோருக்கும் மனம் சங்கடப்பட்ட நாளில் எழுதியது அது. "ஒருத்தரே முழுசையும் எடுத்துக்கறது நல்லாவா இருக்கு?" என்று யாரோ கேட்க, நல்லா இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதை ஒரு படிப்பாக வைத்தால் தங்கப் பதக்கம் அந்த அறைக்குத்தான். அந்த விதியை அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குக் காபி. வியாழக்கிழமையும் அப்படித்தான்; வானம் இடிந்தாலும் மூன்று மணிக்குக் காபி. சமையலறை மேசையில் நீல விளிம்பு போட்ட தட்டில் எட்டு ஏலக்காய் பன். ஆளுக்கு ஒன்றாக ஏழு போனது, ஒன்று மிஞ்சியது. நம் ஊரில் பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இந்த மனிதர்கள் இரண்டுக்கும் பிந்துகிறவர்கள். கடைசித் துண்டை எடுக்கிற ஆள் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

மைக்கென் கத்தியால் பன்னைப் பாதியாக வெட்டி, பாதியை எடுத்துக்கொண்டாள். தோர்கெல் வந்தான், மிச்சத்தில் பாதியை வெட்டினான். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தட்டைப் பார்த்தால் போதும். சிக்ஸ்தென் வந்து சேர்ந்தபோது சுண்டுவிரல் நகத்தளவு பன் மிஞ்சியிருந்தது, மேலே ஒரே ஒரு சர்க்கரை மணியோடு.

அந்த வாரம் பாத்திரம் கழுவும் முறை ஹில்லேவியுடையது. தொட்டிக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது: 'தட்டு காலியானால் கழுவவும்.' திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தட்டு காலியாகவே இல்லை. ஒவ்வொரு மாலையும் அந்த நகத்தளவு பன்னைக் காகிதத்தில் மடித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, எல்லோரும் போன பிறகுதான் தட்டைக் கழுவிவிட்டுப் போனாள். உள்ளே இப்போது மூன்று பொட்டலங்கள், மாத்திரை மாதிரி.

"சிக்ஸ்தென், தயவு பண்ணி இத எடுத்துக்கோப்பா," என்றாள். "எனக்கு வேலை கெடக்கு. நாளையோட என் கேடயத்துக்கே காரியம் பண்ணப் போறாங்க. தட்டையாவது கழுவிட்டுப் போறேன்."

"ஐயோ, முழுசுமா? எனக்கு வேண்டாம். பாதி போதும்." அவன் கத்தியை எடுத்தான். சர்க்கரை மணியின் மேல் வைத்து அழுத்தினான். மணி தெறித்தது, பன் நசுங்கியது, ஆனால் வெட்டுப்படவில்லை. "இதுக்கு மேல கத்தி போகாதும்மா. சின்னதாயிடுச்சு."

"அப்ப எடுக்க மாட்டே?"

"எப்படி எடுக்கறது? எடுத்தா தீந்துடுமே."

"சரி, தட்டைக் கழுவிடட்டுமா?"

"கழுவக் கூடாது. ஏதோ இருக்கே. காலியானாத்தான் கழுவணும், சுவத்துல போட்டிருக்கில்ல?"

ஹில்லேவி தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பாதி. பாதியில் பாதி. அதில் பாதி. வெட்ட முடியாத அளவுக்குச் சின்னதான ஒரு துணுக்கு. அது இருக்கிற வரைக்கும் தண்ணீர் தட்டைத் தொடாது.

"சிக்ஸ்தென்," என்றாள். "உன் கப்பல் மேல குண்டே படல."

"என்னது?"

அவள் ஓடினாள். மரத்தரையில் காலுறை வழுக்கி, கதவுநிலையைப் பிடித்துத் தப்பித்து, தன் மேசைக்கு வந்து விழுந்தாள். நீலக்கோட்டை நம்பாமல், அதன் அடியில் கிடந்த எண்களை ஒவ்வொரு சுற்றாகத் திரையில் வரவழைத்தாள். எண்ணூறில் தொடங்கியது கேடயம். நானூறு, இருநூறு, நூறு, ஐம்பது, இருபத்தைந்து. பிறகு பதின்மூன்று, ஏழு, நான்கு, இரண்டு, ஒன்று. அடுத்த குண்டுக்கும் ஒன்று. அதற்கடுத்த குண்டுக்கும் ஒன்று. ஒன்றில் பாதி அரை. அரையைக் கணினி எடுக்காது, விட்டுவிடும். எண்ணூறில் ஒன்று என்பது திரையில் ஒரு புள்ளிகூட இல்லை, அதனால் கண்ணுக்குக் கேடயம் தீர்ந்துபோன மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஒன்று நின்றுகொண்டிருந்தது. கிரகத்தைப் பொடியாக்கும் குண்டு வந்து அந்த ஒன்றின் முன்னால் மரியாதையாக நின்று, பாதியைக் கேட்டு, கிடைக்காமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. உடம்பைக் கடித்ததெல்லாம் ஏவுகணைக் கொசுக்கள்தான். நூற்று நாற்பது சுற்றாகக் கொசு கடித்தே கப்பல் செத்திருக்கிறது.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த சிக்ஸ்தென் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்," என்றான். "மூணு மாசமா என் புள்ளைங்களைப் பட்டினி போட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?"

ஹில்லேவி எழுந்து சமையலறைக்குப் போனாள். நசுங்கிய துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீ... சாப்பிட்டுட்டியா?" என்றான் சிக்ஸ்தென். அவன் குரலில் பயமே இருந்தது.

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

தோர்கெலிடம் போய்ச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது, உடனே வாடவும் செய்தது. பலகையைத் திரும்பிப் பார்த்தான். "பிரமாதம். ஆனா அது எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. மாத்தணும்னா எல்லாரும் சேந்துதான் மாத்தணும். திங்கக்கிழமை கூட்டம் வெச்சுடலாம்."

"நாளைக்கு நாலு மணிக்குக் கேடயமே இருக்காதே, தோர்கெல்!"

"அதான் சங்கடமா இருக்கு."

"உனக்குச் சங்கடம். எனக்கு ரெண்டு வருஷ உழைப்பு."

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. மேசைக்குத் திரும்பி வந்து, யாரையும் கேட்காமல், கூட்டம் போடாமல், விதியை மாற்றினாள். கேடயம் எண்பதுக்கு மேல் இருக்கும்வரை பழைய பாதிக் கணக்கு. எண்பதோ அதற்குக் கீழோ போனால் அடுத்த குண்டு மிச்சத்தை முழுசாக உடைக்கலாம், மீதி பலம் உடம்புக்குப் போகலாம். எட்டு வரிதான். கையோடு சிக்ஸ்தெனின் கப்பல்களுக்கு அவை இழந்த சதையையும் திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, பச்சை மர்சிபன் என்ற பாதாம் மாவு போர்த்திய கேக்கோடு ஏழு பேரும் பெரிய திரைக்கு முன்னால் கூடினார்கள். ஹில்லேவி கூட்டம் போடாமல் விதியை மாற்றியது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பன்னைத் தின்றதும் தெரிந்திருந்தது. இரண்டில் எது பெரிய குற்றம் என்று அவர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

கேடயப் படை ஹில்லேவியின் கையில். எதிர்ப்பக்கம் சிக்ஸ்தெனும் மைக்கெனும், சுற்றுக்கு ஆளுக்கு ஒரு குண்டு. நீலக்கோட்டுக்குப் பக்கத்தில் இப்போது எண்ணும் தெரிந்தது. சண்டை பிய்த்து உதறியது. ஆறாவது சுற்றில் முதல் கப்பல் வெடித்தது, மைக்கென் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "சுடுதுடா என் பீரங்கி! நெஜமாவே சுடுது!" பதினெட்டாவது சுற்றில் ஹில்லேவியிடம் மிஞ்சியது ஒரு தலைமைக் கப்பலும் அதைச் சுற்றி நான்கு காவல் படகுகளும். தலைமைக் கப்பலின் உடம்பை அதற்குள் கொசுக்கள் பெரும்பாலும் அரித்துவிட்டுத் தீர்ந்துபோயிருந்தன. கேடயம் ஐம்பது. இன்னும் ஒரே ஒரு குண்டு, கதை முடிந்தது.

சிக்ஸ்தென் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான்.

"நீ சுடு," என்றான் சிக்ஸ்தென்.

"இல்லல்ல, நீ சுடு," என்றாள் மைக்கென். "நீதான் அவ்ளோ நாள் திட்டு வாங்கினே."

"பீரங்கி உன்னோடது. நீ சுட்டாதான் மரியாதை."

இருவரும் ஆளுக்கொரு காவல் படகைச் சுட்டார்கள். அடுத்த சுற்றிலும் அதே படகுகள்தான், இரண்டும் வெடித்தன. தலைமைக் கப்பலை இரண்டு சுற்று யாரும் தொடவில்லை. கேடயம் ஊறியது, எண்ணூறுக்குப் போய் நின்றது. ஹில்லேவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இவர்களுடைய நல்ல குணமே தன் கேடயத்துக்கு எமனாக வந்து நிற்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

மறுபடி அடித்து இறக்கினார்கள். இருபத்து மூன்றாவது சுற்றில் மறுபடி ஐம்பது. "இந்தத் தடவ நீ." "ஐயோ, உன்னோடது அது." மீதி இரண்டு படகுகளும் வெடித்தன. கேடயம் மறுபடி எண்ணூறு. சுட இனி வேறு எதுவும் இல்லாததால் இருவரும் தலைமைக் கப்பலையே இறக்கிக்கொண்டு வந்து, ஐம்பதில் நிறுத்தி, பிறகு ஆளுக்கொரு பாறையைச் சுடத் தொடங்கினார்கள்.

"பாறை என்னடா பண்ணுச்சு உங்களுக்கு?" என்று கத்தினாள் ஹில்லேவி. "சுடுங்க என்னை! என் கப்பல் சாகலன்னா என் கேடயம் செத்துடும். புரியுதா? தயவுசெஞ்சு என்னைக் கொல்லுங்க!"

"கொல்றதுன்னா... முழுசுமா?" என்றான் சிக்ஸ்தென் தலையைச் சொறிந்துகொண்டு.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. சுற்று முப்பத்தெட்டு. கேடயம் நான்காம் முறையும் நிறைந்து, நான்காம் முறையும் ஐம்பதுக்கு இறங்கி நின்றது. சிக்ஸ்தென் மைக்கெனைப் பார்த்தான், மைக்கென் சிக்ஸ்தெனைப் பார்த்தாள்.

அப்போதுதான் தோர்கெல் எழுந்தான். காதுவரை சிவந்திருந்தான். சிக்ஸ்தெனின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அவன் கையிலிருந்த மௌசைப் பிடுங்கினான். ஆமாம், பிடுங்கினான், வேறு சொல் இல்லை. "மன்னிச்சுக்கோ ஹில்லேவி," என்று சொல்லிவிட்டு அழுத்தினான்.

ஐம்பது, பூஜ்யம். குண்டின் மீதி பலம் உள்ளே பாய்ந்தது. தலைமைக் கப்பல் நடுவில் பிளந்து, திரை முழுக்க வெளிச்சமாகி, அணைந்தது. சுற்று முப்பத்தொன்பது.

"செத்துப்போச்சு!" ஹில்லேவி காலுறையோடு குதித்தாள். "என் கப்பல் செத்துப்போச்சு!" தன் படை மொத்தமும் அழிந்ததற்கு அப்படி மகிழ்ந்த படைத்தலைவி அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தோர்கெல் மௌசைக் கீழே வைத்தான், அது சூடாக இருந்த மாதிரி. "கேக்காம எடுத்துட்டேன்," என்றான்.

"யாராவது ஒருத்தர் எடுத்துத்தானே ஆகணும்."

அவன் சட்டைக் கையைச் சுருட்டினான். பிறகு பலகைக்குப் போய், இரண்டு வருடமாக இருந்த அந்த வரியை உள்ளங்கையாலேயே துடைத்தான். மை காய்ந்து கெட்டியாகியிருந்தது, பலமாகத் தேய்க்க வேண்டியிருந்தது. "கேடயம் இருக்கு," என்றான். யார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. மூன்று ஐம்பத்தெட்டுக்கு விளையாட்டு நாலாயிரம் பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

மேசையில் கேக் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. மைக்கென் கத்தியோடு வந்தாள்.

"கத்திய வை," என்றாள் ஹில்லேவி. நீல விளிம்புத் தட்டைத் தோர்கெல் முன்னால் நகர்த்தினாள். "நீ. முழுசும்."

ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவன் நின்றபடியே, சிவந்த முகத்தோடு, கடைசிப் பச்சைத் துணுக்குவரை தின்று முடித்தான். விரலால் தட்டைத் துடைத்து அந்த விரலையும் நக்கினான். சிக்ஸ்தென் மெல்லக் கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

ஹில்லேவி குளிர்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த மூன்று பொட்டலங்களையும் குப்பையில் போட்டாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய் வெந்நீரைத் திறந்துவிட்டாள். தட்டு காலியாக இருந்தது. நின்று நிதானமாகக் கழுவினாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு எங்கேயும் வலிக்கவில்லை.